சனி ராத்திரி மழையும் ஞாயிற்றுக்கிழமைக் கடையும்

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. ராத்திரி பதினொரு மணிவாக்கில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. கடந்தது என்று சொல்வதைவிட, வந்து உட்கார்ந்துகொண்டது என்றுதான் சொல்லணும். பல மணி நேரம் நகரவே இல்லை. கோட்டக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியில் கவிழ்த்து வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. ஞாயிறு காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் பதிவான மழை சுமார் 48 சென்டிமீட்டர். அதற்கு முந்தைய உச்சம் 2004 அக்டோபர் 31-இல் பதிவான 21 சென்டிமீட்டர். பழைய சாதனையை இரண்டு மடங்குக்கும் மேலாகத் தாண்டிவிட்டது.

செய்திகளில் இந்த இரண்டு எண்களும் திரும்பத் திரும்ப வந்தன. எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. 2024 டிசம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை. 2004 அக்டோபர் 31-ம் ஞாயிற்றுக்கிழமை.

புதுச்சேரியை அறிந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றதும் ஞாபகம் வருவது காந்தி வீதி சண்டே மார்க்கெட். அஜந்தா சிக்னலில் இருந்து தெற்கே நேரு வீதியைத் தாண்டி, சாலையின் இரண்டு பக்கமும் தரையில் விரிக்கிற கடைகள். திருப்பூர் எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் பனியன், பழைய ஜீன்ஸ், ஷூ, ஸ்பேனர் செட், ரிமோட், சார்ஜர், புத்தகம், பாத்திரம், பொம்மை. புதுசும் உண்டு, பழசும் உண்டு, எது எதுவென்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. கோட்டக்குப்பத்தில் இருந்து முத்தியால்பேட்டை மணிக்கூண்டு வழியாக நேரே போனால் நாலைந்து கிலோமீட்டர். பள்ளிக்கூட நாளில் அப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போன சந்தை அது. இன்றைக்கும் அங்கே கடை போடுகிறவர்களில் எங்கள் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள்.

புதுச்சேரியின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில் கொட்டுகிறது. 92 நாள். அதில் ஞாயிற்றுக்கிழமை 13, சில வருடம் 14. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, புதுவருடத்தை ஒட்டிய ஞாயிறு என்று வருடத்தில் வியாபாரம் நன்றாக நடக்கும் ஞாயிறுகள் பெரும்பாலும் இந்தப் பதிமூன்றுக்குள்தான் விழுகின்றன. கூட்டம் வருகிற மாதமும் மழை வருகிற மாதமும் ஒன்றே.

சரி, எத்தனை ஞாயிறு மழையில் போச்சு என்று பார்க்கலாமே என்று எக்செல்லைத் திறந்தேன். வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கைகளிலும் பழைய செய்தித்தாள்களிலும் கிடைத்த தினசரி மழை அளவுகளைப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வரிசைகளை மட்டும் வடிகட்டினேன். 2004, 2024 தவிர 2021 பிப்ரவரி 21-ம் மேலே வந்தது. மாசி மாதத்தில், காலம் கெட்ட மழை, சுமார் 19 சென்டிமீட்டர். (மறுநாள் சட்டசபையில் நம்பிக்கை வாக்கெடுப்பு என்பதால் அந்த மழையைப் பலர் மறந்திருப்பார்கள்.) 2004 டிசம்பர் 26-ம் ஞாயிறுதான். அதை எந்த மழைக் கணக்கிலும் சேர்க்க முடியாது.

இரண்டு வாரம் கழித்துத்தான் என் கணக்கில் இருந்த ஓட்டை தெரிந்தது. இருபது வருடமாக மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் செய்யக்கூடாத தப்பு. நம் நாட்டில் மழைமானியைக் காலை 8.30-க்குப் பார்த்துக் குறிப்பார்கள். டிசம்பர் 1 என்று போட்டிருக்கிற அளவு, நவம்பர் 30 காலை 8.30-இல் இருந்து டிசம்பர் 1 காலை 8.30 வரை பெய்த மழை. ஆக, ஞாயிறு என்று நான் வடிகட்டியது அத்தனையும் சனிக்கிழமைப் பகலும் ராத்திரியும் பெய்தது. ஞாயிறு பகலில், கடை விரித்திருக்கும்போது பெய்த மழை திங்கட்கிழமை வரிசையில் இருக்கும். ஒரு நாள் தள்ளிப் படித்திருக்கிறேன். கோப்பு முழுக்கத் திருத்த வேண்டியதாகிவிட்டது.

இதை மார்க்கெட்டில் பழைய புத்தகம் விற்கிற ஒரு பெரியவரிடம் சொல்லிச் சிரித்தேன். எங்கள் ஊர்க்காரர்தான், பாய் என்றுதான் கூப்பிடுவேன். அவர் சிரிக்கவில்லை.

"தம்பி, நீ மொதல்ல போட்ட கணக்குதான் சரி. சனி ராத்திரி பெஞ்சா ஞாயித்துக்கெழம கடையே கெடயாது. விடியகாலைல மூணு மணிக்கு லோடு ஏத்தணும். அப்ப தூத்தலா இருந்தா டாட்டா ஏஸ்காரன் வரமாட்டான். வந்தாலும் நான் ஏத்த மாட்டேன். துணிக்காரன் ஏத்துவான், இரும்புக்காரன் ஏத்துவான். புஸ்தகத்த ஏத்துவாங்களா?"

"பகல்ல பெஞ்சா?"

"அது வேற கத. அது நஷ்டம். இது பட்டினி."

இந்த வித்தியாசம் என் எக்செல்லில் இல்லை. ராத்திரி மழையில் சரக்கு வீட்டிலேயே இருக்கும், அன்றைய வருமானம் மட்டும் போகும். பகல் மழையில் வருமானத்தோடு முதலும் போகும். வடகிழக்குப் பருவமழைக்கு இந்தக் கரையில் ஒரு குணம் உண்டு. நடுராத்திரிக்கு மேல், விடியற்காலையில்தான் பெரும்பாலும் வலுக்கும். கடைக்காரர் லோடு ஏற்றலாமா வேண்டாமா என்று வாசலில் நின்று வானத்தைப் பார்க்கிற நேரமும் அதுதான்.

புயல் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும் என்ற அவசியமும் இல்லை. தானே புயல் 2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. ஞாயிறு அன்று மழை இல்லை. ஆனால் அந்த ஞாயிறு 2012 ஜனவரி 1. மரங்கள் சாய்ந்து, கரண்ட் இல்லாமல், குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு அலைந்த புதுவருடம். 2015-இல் தீபாவளி நவம்பர் 10. ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது 9-ஆம் தேதி. தீபாவளிக்கு முந்தின கடைசி ஞாயிறு 8. அந்த வருடத்தின் பெரிய ஞாயிறு அது. மழைமானி இதையெல்லாம் சொல்லாது.

மழை தொட்டால் ஒவ்வொரு சரக்கும் ஒவ்வொரு விதமாகக் கெடுகிறது. ஸ்பேனருக்கும் பூட்டுக்கும் துரு ஏறும், மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து அடுத்த வாரம் விற்கலாம். துணியைக் காயப்போடலாம், ஆனால் மூட்டையிலேயே இரண்டு நாள் இருந்துவிட்டால் வாடையும் கரும்புள்ளியும் போகாது. எலக்ட்ரானிக்ஸ் பாதி தேறும். புத்தகம் தேறவே தேறாது. தாள் உப்பி, அட்டை பிரிந்து, பளபளப்புத் தாளாக இருந்தால் பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொண்டு கல்லாகிவிடும். அதற்கப்புறம் எடைக்குத்தான்.

அதனால்தான் தூறல் விழுந்ததும் புத்தகக் கடையில் விலை இறங்குகிறது. வாங்குகிறவர்களுக்கும் இது தெரியும். மேகம் கறுக்கும் வரை சும்மா சுற்றி வந்து, முதல் துளி விழுந்ததும் பேரம் பேசுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். நானும் அதில் ஒருத்தன். 19-ஆம் நூற்றாண்டில் மூசே, துப்புய் என்ற இரண்டு பாதிரியார்கள் தொகுத்துப் புதுச்சேரி மிஷன் அச்சகத்தில் அச்சான தமிழ்–பிரெஞ்சு அகராதி ஒன்று உண்டு. அதன் பிற்பாதி மட்டும், அட்டை இல்லாமல், ஒரு நவம்பர் ஞாயிறு எனக்குக் கிடைத்தது. அவர் முதலில் சொன்னது இருநூறு. தூறல் ஆரம்பித்ததும் எண்பதுக்குக் கொடுத்தார். ரொம்ப நாள் அதை என் பேரத் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நூற்றிருபது ரூபாயைக் குறைத்தது நான் இல்லை, மழை.

இங்கிருந்து வடக்கே மரக்காணம் உப்பளத்தில் இதற்கு நேர் எதிர். மழை தொட்டால் கரைந்தே போகிற சரக்கு உப்பு. ஆனால் பாத்தியில் உப்பு எடுப்பது அக்டோபர் மழையோடு நின்றுவிடும். அதற்குள் எடுத்த உப்பைக் குவித்துக் கீற்றும் தார்ப்பாயும் போட்டு மூடிவிடுவார்கள். வரத்து நின்றதால் விலை ஏறும். மூடி வைக்க இடம் இருக்கிற வியாபாரிக்கு மழை லாபம், இல்லாதவருக்கு நஷ்டம். கடைசியில் விஷயம் கூரையில் வந்து நிற்கிறது.

அந்தக் கூரைக்குத்தான் ஒரு வரலாறு இருக்கிறது. சிலப்பதிகாரம் சொல்லும் புகார் நகரத்து நாளங்காடி, மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே இருந்த சோலையில் நடந்தது. மரங்களையே தூணாக வைத்துக் கட்டிய கடைகள் அவை. கவிஞருடைய அலங்காரம் என்று இதை ஒதுக்கிவிடலாம். தரைக்கடைக்காரர்களோடு நாலு ஞாயிறு நின்றவர்கள் ஒதுக்க மாட்டார்கள். இன்றைக்கும் முதலில் பிடிபடுகிற இடம் மரத்தடிதான். கயிறு கட்ட ஒரு தூண், வெயிலுக்கு நிழல், சிறு தூறலுக்கு ஐந்து நிமிட அவகாசம்.

புதுச்சேரியில் தமிழர் பகுதியின் பழைய வீடுகளுக்கு முன்னால் திண்ணை மட்டும் இல்லை, தெருவை நோக்கி ஓடு வேய்ந்த தாழ்வாரமும் இருந்தது. மரத்தூண்கள் மேல் சாய்ந்து நிற்கிற சின்னக் கூரை. திண்ணை வீட்டுக்காரருக்கும் விருந்தாளிக்கும் என்றால், தாழ்வாரம் வழிப்போக்கருக்கு. ஒரு வீட்டுத் தாழ்வாரம் முடிகிற இடத்தில் அடுத்த வீட்டுத் தாழ்வாரம் தொடங்கும். நல்ல மழையிலும் தெருவின் இந்த முனையில் இருந்து அந்த முனை வரை அதிகம் நனையாமல் நடந்துவிடலாம். வைசியாள் வீதியில் (இப்போதைய பெயர் கால்வே சுப்புராயச் செட்டி வீதி) இன்டாக் அமைப்பு எடுத்த முயற்சியில் இவற்றில் சில மீட்கப்பட்டன. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதும் கிடைத்தது. சுற்றுலாப் பயணிகள் அங்கே போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். சண்டே மார்க்கெட்டில் இருந்து சில நிமிட நடை. மார்க்கெட் நடக்கிற காந்தி வீதியிலோ வீடுகள் கடைகளாகி, கடைகள் மாடிகளாகி, கான்கிரீட் முகப்பு சாலையின் விளிம்பு வரை வந்துவிட்டது.

ஆனாலும் தாழ்வாரத்தின் ஒரு மிச்சம் அங்கே ஞாயிறுதோறும் உயிர் பெறுகிறது. சண்டே மார்க்கெட் ஞாயிற்றுக்கிழமை நடக்க முடிவதே மற்ற கடைகளின் ஷட்டர் அன்று மூடியிருப்பதால்தான். மூடிய ஷட்டருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிற சன்ஷேடுதான் இன்றைய தாழ்வாரம். மழை வந்தால் படிக்கட்டில் சரக்கை ஏற்றி, ஷட்டரோடு ஒட்டி வைத்து, மேலே தார்ப்பாயைப் போட்டுவிடுகிறார்கள். எந்தக் கடையின் சன்ஷேடு எத்தனை அடி, எது ஒழுகும், எந்த முதலாளி திங்கட்கிழமை காலை சண்டைக்கு வருவார் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். (தார்ப்பாய் என்ற சொல்லைப் பாருங்கள். ஆங்கில டார்பாலினை நாம் தார், பாய் என்று பிரித்துக்கொண்டோம். ஆங்கிலத்திலும் அது தார் பூசிய போர்வைத் துணிதான் என்கிறார்கள். தற்செயலாகச் சரியான மொழிபெயர்ப்பு.)

கூரை கட்டிக் கொடுத்த கதையும் நம்மிடம் இருக்கிறது. சென்னை சென்ட்ரல் பக்கத்தில் சிவப்புச் செங்கல்லில் மூர் மார்க்கெட்டுக்கு 1898-இல் அடிக்கல் நாட்டினார்கள், 1900-இல் திறந்தார்கள். மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூரின் பெயர். பழைய புத்தகத்துக்கு மூன்று தலைமுறை அங்கேதான் போனது. மழையில் இருந்து காப்பாற்றிய அந்தக் கூரை 1985 மே 30-இல் எரிந்து போனது. கூரை கிடைத்தவர்கள் வாடகை கட்டும் கடைக்காரர்கள் ஆனார்கள் என்பதும் உண்மை. ஒரு நாள் மட்டும் வந்து விரித்துவிட்டுப் போகிறவருக்கு அந்த மாதிரிக் கட்டடத்தில் இடம் கிடையாது.

ஒரு நாள் வியாபாரிக்கு வேறு மாதிரிக் கூரை உண்டு என்று நான் பார்த்தது இங்கிலாந்தில். ஆன்சைட் வேலையாக ஒரு வருடம் இருந்தபோது ஞாயிறு காலைகளில் கார் பூட் சேலுக்குப் போவேன். தமிழில் சொன்னால் டிக்கிச் சந்தை. வீட்டில் வேண்டாத சாமானைக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு வந்து, ஒரு வயலில் வரிசையாக நிறுத்தி, டிக்கியைத் திறந்து விற்பார்கள். கனடாவில் இப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த ஹாரி கிளார்க் என்ற ஸ்டாக்போர்ட் பாதிரியார் 1970-களில் ஆரம்பித்து வைத்ததாகச் சொல்வார்கள். தனி அனுமதி வாங்காமல் ஒரு நிலத்தில் வருடத்துக்கு 14 நாள் சந்தை நடத்தலாம் என்று அங்கே விதி இருக்கிறது.

அங்கேயும் மழைதான், நம்மைவிட அதிக நாள் மழை. தூறினால் தூக்கிய டிக்கிக் கதவே கூரை. பலத்தால் சாமானை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, ஃபிளாஸ்க்கில் இருக்கும் டீயைக் குடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். வயல் சேறாகிவிட்டால் அன்றைக்குச் சந்தை ரத்து. வாசலில்தான் காசு கட்ட வேண்டும் என்பதால் ரத்தானால் கையை விட்டுப் போவது ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறு வரை பழைய சாமான் கேரேஜில் கிடக்கும். விற்காத கெட்டிலுக்கு யாரும் வட்டி கட்டுவதில்லை.

காந்தி வீதியில் கட்டுகிறார்கள். சரக்கு எடுக்கப் பலர் வாங்குவது தண்டல். பத்தாயிரம் என்று எழுதி, வட்டியை முதலிலேயே பிடித்துக்கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறோ ஒன்பதாயிரமோ கையில் கொடுப்பார்கள். தினம் நூறு வீதம் நூறு நாள் கட்டணும். 2003-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த அதீத வட்டித் தடைச் சட்டம் தினசரி வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி இவற்றோடு தண்டலையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. தண்டல்காரருக்கு மழை நாள், வெயில் நாள் என்று இரண்டு கிடையாது. வாரம் ஒரு நாள் விற்று ஏழு நாளும் கட்டுகிறவருக்கு ஒரு ஞாயிறு போனால் ஏழு நாள் தவணை கைக்காசில் இருந்து போகணும். இரண்டு ஞாயிறு தொடர்ந்து போனால் இன்னொரு தண்டல்.

ஃபெஞ்சலுக்குப் பிறகு நிவாரணம் அறிவித்தார்கள். புதுச்சேரியில் ரேஷன் கார்டுக்கு 5,000 ரூபாய். தமிழ்நாட்டில் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 2,000. கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டம். எல்லைக்கு அந்தப் பக்கம் முத்தியால்பேட்டைக்காரருக்கு ஐந்து, இந்தப் பக்கம் நமக்கு இரண்டு. இரண்டு பேர் மேலும் பெய்தது ஒரே மழை, இரண்டு பேர் கடை போடுவதும் ஒரே வீதி. எல்லை ஓரத்தில் வாழ்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம், அதைப் பெரிதாக்க விரும்பவில்லை.

எனக்கு உறுத்தியது அதற்கு அடுத்த பட்டியல். தமிழ்நாடு அறிவித்ததில் சேதமான குடிசைக்கு 10,000, நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000, மாடு இறந்தால் 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100 என்று தனித்தனியாக இருந்தது. நல்ல பட்டியல். கோழி வரைக்கும் யோசித்திருக்கிறார்கள். நனைந்து போன சரக்கு மூட்டைக்கு அதில் வரி இல்லை. உப்பளத் தொழிலாளர்களுக்கு மழை மாதங்களில் வேலை இருக்காது என்பதை ஏற்றுக்கொண்டு 2022-இல் இருந்து வருடத்துக்கு 5,000 ரூபாய் கொடுக்கிறார்கள். மீனவர்களுக்கும் மழைக்கால நிவாரணம் உண்டு. மழை மாதம் என்பது சிலருக்கு வருமானம் இல்லாத மாதம் என்று அரசுக்குத் தெரியாமல் இல்லை. 2014-இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் ஒருவரை வியாபாரி என்று பதிவு செய்து சான்று கொடுக்கவும் வழி செய்கிறது. ஆக, பெயர்ப் பட்டியலுக்கு வழி இருக்கிறது, மழைக் கணக்கும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது எனக்குத் தெரிந்த வேலையில் ஒரு மத்தியான நேர வேலை. யாரும் செய்யவில்லை என்பதால் நான் செய்துகொண்டிருக்கிறேன்.

டிசம்பர் 8, அடுத்த ஞாயிறு, போய்ப் பார்த்தேன். துணிக்காரர்கள் வந்திருந்தார்கள், பாதிப் பேர் விற்பதை விட்டுவிட்டு உலர்த்திக்கொண்டிருந்தார்கள். மூடிய ஷட்டர்கள் முழுக்க ஜீன்ஸ் தொங்கியது. பாய் இடத்தில் வேறொருவர் செருப்பு விரித்திருந்தார். பாய் வீட்டுக்குள் தண்ணீர் ஏறிவிட்டதாம், கீழ் வரிசையில் அடுக்கியிருந்த மூட்டைகள் போய்விட்டன. ஏற்றாமல் பத்திரமாக வைத்த சரக்கு. சனி ராத்திரி மழை பட்டினி, பகல் மழை நஷ்டம் என்று அவர் பிரித்த கணக்கு அந்த ஒரு ராத்திரியில் செல்லவில்லை. பொங்கலுக்கு முந்தின ஞாயிறுதான் திரும்ப வந்தார், பாதிச் சரக்கோடு. அகராதியின் முன்பாதி எப்போதாவது கண்ணில் பட்டால் எடுத்து வைக்கச் சொன்னேன். முன்னூறு ஆகும் என்றார். சரி என்றேன்.

காந்தி வீதியில் 1980-க்கு முன்னால் எடுத்த கல்யாண ஊர்வலப் படமோ, கடைத் திறப்புப் படமோ யார் வீட்டிலாவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். மனிதர்கள் யாரென்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பின்னால் தாழ்வாரம் தெரிகிறதா, எந்த வீடு வரைக்கும் தெரிகிறது என்று பார்க்கணும்.